நாலு பூச்சிமருந்தைக் கலந்து அடிச்சா ஆபத்து நாலு மடங்கா? கணக்கு தெரிஞ்சவங்க வாங்க

வரப்புநண்டு எழுதியது:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னிக்குதான் இழை தொடங்குறேன், நீளமா இருந்தா பொறுத்துக்கோங்க.

பெரம்பலூர் பக்கம் எங்களுக்கு மூணு ஏக்கர், பாதி பருத்தி பாதி மக்காச்சோளம். நான் சென்னைல வேலை. போன வாரம் ஊருக்குப் போனப்போ அப்பா மருந்து கலக்குறத பக்கத்துல நின்னு பாத்தேன். நீல பிளாஸ்டிக் டிரம், பாதி தண்ணி. வெள்ளை ஈக்கு ஒரு மருந்து, காய்ப்புழுவுக்கு ஒண்ணு (அதுவே ரெண்டு சேர்ந்த பாட்டில், புரொபெனோபாஸ் 40 சைபர்மெத்ரின் 4ன்னு போட்டிருக்கு), இலைப்புள்ளிக்கு ஒரு பவுடர், பூ உதிராம இருக்க ஒரு டானிக், கடைசில ஒட்டு திரவம். பாட்டில் மூடிதான் அளவு, "டேங்க்குக்கு ரெண்டு மூடி" அவ்ளோதான். குச்சியால கலக்கிட்டே இருந்தவர் பவுடர் அடில கட்டிக்கிச்சுன்னு முழங்கை வரைக்கும் கைய விட்டு ஒரு சுத்து சுத்தினாரு பாருங்க, எனக்கு வயிறே கலங்கிப் போச்சு.

பாட்டிலுங்களை எடுத்துப் பாத்தேன். ஒண்ணுல மஞ்சள் முக்கோணம், ரெண்டுல நீலம். ஒவ்வொண்ணுலயும் இவ்ளோ அளவு, இப்படிப் பாதுகாப்புன்னு தனித்தனியா போட்டிருக்கு, ஆனா எல்லாத்தையும் ஒரே டிரம்ல ஊத்தினா என்னன்னு எதுலயும் இல்ல. அப்பாகிட்ட கேட்டா "கடைல சேரும்னு சொன்னாங்கடா"ன்னு முடிச்சிட்டாரு.

என் கேள்வி இதுதான். சேரும்னா என்ன சேரும்? ஒண்ணும் ஒண்ணும் ரெண்டா, இல்ல ரெண்டுக்கு மேலயா? இதையெல்லாம் யாராவது கணக்குப் போட்டுப் பாக்குறாங்களா, இல்ல ஒவ்வொரு மருந்துக்கும் தனியா ஒரு எல்லை போட்டுட்டு மீதிய சாமி பாத்துக்கும்னு விட்டுட்டாங்களா?


உரக்கடை_மாப்ள எழுதியது:

நான் மருந்துக்கடைதான் வச்சிருக்கேன், அதனால என் மேல பாயறதுக்கு முன்னாடி சொல்லிடுறேன். விவசாயி கடைக்கு வந்து கேக்குறதே "ஒரே அடில எல்லாம் போகணும்"னுதான். தனித்தனியா அடிச்சா ஆள் கூலி தனித்தனி, டீசல் தனித்தனி, அதுக்குள்ள மழை வந்தா எல்லாம் போச்சு. நாங்க சேரும்னு சொல்றது இந்த அர்த்தத்துல: ஒரு கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் தண்ணி, மருந்துங்கள அந்த அளவுக்கு ஊத்தி குலுக்கி அரைமணி நேரம் வைக்கிறது. பால் திரிஞ்ச மாதிரி திரிஞ்சாலோ, அடில மண்டி தங்கினாலோ, பாட்டில் சூடானாலோ சேராது. பவுடர் முதல்ல, எண்ணெய் மாதிரி இருக்குற, லேபிள்ல ஈசின்னு (EC) போட்ட மருந்து பின்னாடி, ஒட்டு திரவம் கடைசி. இந்த வரிசைய மாத்தினாதான் நாசில் அடைக்கும்.


வரப்புநண்டு எழுதியது:

அண்ணா கோவம் இல்ல, நேர்மையா சொன்னதுக்கு நன்றி. ஆனா அப்ப "சேரும்"னா நாசில் அடைக்காதுன்னுதான் அர்த்தமா? நாங்க இத்தன வருஷமா ஒடம்புக்கும் சேத்துத்தான் சொல்றாங்கன்னு நெனச்சிட்டு இருந்தோம்.


உரக்கடை_மாப்ள எழுதியது:

நாசில், அப்புறம் பயிர் கருகாது. அவ்ளோதான். ஒடம்புக்கு நான் யாரு சொல்றதுக்கு.


பிப்பெட் எழுதியது:

நான் நச்சியல் ஆய்வகத்துல இருக்கேன், பதில் நீளம், டீ போட்டுட்டு வந்து படிங்க.

இந்தத் துறையோட பழைய பாவம் என்னன்னா ஒரு எலி, ஒரு மருந்து, ஒரு எண். முக்கோணமும் அப்படித்தான். எலிக்கு வாய் வழியா குடுத்தா பாதி எலி சாகுற அளவு, ஒடம்பு எடை கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரைக்கும் சிவப்பு, 51ல இருந்து 500 மஞ்சள், 501ல இருந்து 5000 நீலம், அதுக்கு மேல பச்சை. கடைல ரெடியா வர்ற ரெண்டு சேர்ந்த பாட்டில அந்தக் கலவையாவே சோதிச்சுத்தான் பதிவு பண்ணணும், அது வரைக்கும் சரி. உங்க அப்பா டிரம்ல செஞ்சது எந்த எலியும் பாக்காத கலவை.

கணக்கு இருக்கான்னா, இருக்கு. 1920கள்லயே லோவேன்னு ஒருத்தரும் 1939ல பிளிஸ்னு ஒருத்தரும் போட்ட ரெண்டு வழிதான் இன்னிக்கும் அடிப்படை. ரெண்டு பொருளும் ஒடம்புல ஒரே பூட்டைத் திறக்குதுன்னா ஒண்ணு இன்னொண்ணோட நீர்த்துப்போன வடிவம் மாதிரி நெனச்சு அளவுகளைக் கூட்டிக்கலாம், இது லோவே வழி. ரெண்டும் வேற வேற பூட்டுன்னா தனித்தனி நிகழ்தகவா எடுத்துக்கணும், இது பிளிஸ். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை (இபிஏ) 1986ல கலவைக்குன்னு வழிகாட்டி போட்டுச்சு, 2000ல அதுக்கு இணைப்பும் வந்துச்சு. நடைமுறைல செய்றது ரொம்ப எளிமை. ஒவ்வொண்ணுக்கும் நீங்க வாங்கிக்கிட்ட அளவை அதோட பாதுகாப்பு எல்லையால வகுக்கணும், வர்றதையெல்லாம் கூட்டணும், ஒண்ணைத் தாண்டினா உக்காந்து யோசிக்கணும். ஒரு பேச்சுக்கு, முதல் மருந்து எல்லைல 0.4, ரெண்டாவது 0.5, மூணாவது 0.3ன்னு வைங்க. தனித்தனியா பாத்தா மூணுமே பாஸ். கூட்டினா 1.2. மார்க் ஷீட்ல எல்லா பாடமும் பாஸ், மொத்தத்துல ஃபெயில்.

ஒண்ணைத் தாண்டினா ஆள் விழுந்துடுவார்னு அர்த்தம் இல்ல. அந்த எல்லையே எலிக்கு ஒண்ணும் ஆகாத அளவை வழக்கமா 100ஆல வகுத்து வச்சது, எலில இருந்து மனுஷனுக்கு ஒரு 10, மனுஷனுக்கு மனுஷன் வித்தியாசத்துக்கு ஒரு 10. கலவைக்குன்னு அதுல ஒரு பங்கும் ஒதுக்கல, கவனிங்க.


சந்தேகசாமி எழுதியது:

மறுபடியும் ஆரம்பிச்சாச்சு. அளவுதான் விஷம்ங்கறது பாலபாடம். எல்லாமே எல்லைக்குக் கீழ இருந்தா பூஜ்யம் கூட்டல் பூஜ்யம் பூஜ்யம்தான் சார். ஐரோப்பால உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020ல இதே கேள்விய எடுத்து, காய்கறி பழத்துல இருக்குற பல பூச்சிமருந்து மிச்சங்களைச் சேத்தே கணக்குப் போட்டாங்க, தைராய்டுக்கும் நரம்புக்கும் ஆகுற பாதிப்பு ரெண்டையும். முடிவு என்ன? நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவுக்குக் கீழதான் இருக்குன்னு. இதைச் சொல்லாம பயமுறுத்தினா நாளைக்கு ஜனங்க கத்திரிக்காய் வாங்க மாட்டாங்க, நஷ்டம் அதே விவசாயிக்கு.


பிப்பெட் எழுதியது:

சந்தேகசாமி சொன்ன ஐரோப்பிய முடிவு சரிதான், நான் மறுக்கல. ஆனா "பூஜ்யம் கூட்டல் பூஜ்யம்" தப்பு. எல்லைக்குக் கீழன்னா பூஜ்யம் இல்ல, நம்ம சோதனைல கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான். 2002ல லண்டன்ல சில்வா, ராஜபக்ச, கோர்ட்டன்காம்ப்னு மூணு பேர் ஒரு சோதனை பண்ணாங்க. பெண் ஹார்மோன் மாதிரி லேசா நடிக்கிற எட்டு ரசாயனம். ஒவ்வொண்ணையும் தனியா விட்டா ஒண்ணும் தெரியாத அளவுக்குக் கம்மியா எடுத்துக்கிட்டாங்க. எட்டையும் ஒண்ணா விட்டா நல்லாவே தெரிஞ்சது. அந்தக் கட்டுரையோட தலைப்பே ஒண்ணுமில்லாததுல இருந்து ஏதோ ஒண்ணுங்கற மாதிரிதான் இருக்கும். ஈஸ்ட் செல்லுலதான் செஞ்சாங்க, மனுஷன்ல இல்ல, அதையும் சொல்லிடுறேன்.

முக்கியமான விஷயம் வேற. ஐரோப்பா கணக்குப் போட்டது காய் திங்குறவனுக்கு. இந்த இழை காய்க்கு மருந்து அடிக்கிறவரைப் பத்தி. டிரம்ல முழங்கை வரைக்கும் கைய விட்டவருக்கு மிச்சம் மீதி கணக்கு எதுக்கு?


சந்தேகசாமி எழுதியது:

இதை ஒத்துக்கிறேன். அடிக்கிறவங்க கதை வேற.


நைட்ட்யூட்டி_அக்கா எழுதியது:

நான் அவசரப் பிரிவுல நர்ஸ், எந்த ஊர்னு வேணாம். பருத்தி சீசன்ல வாராவாரம் வருவாங்க. வேர்த்து ஊத்தும், வாய்ல எச்சில் வழியும், கண் பாப்பா குண்டூசி முனை மாதிரி சுருங்கிடும், தொடையில கன்னத்துல சதை தானா துடிக்கும். அது பாஸ் குடும்பத்து மருந்து (ஆர்கனோபாஸ்பேட், புரொபெனோபாஸ் மாதிரி), அதுக்கு மாத்து மருந்தா அட்ரோபின் போட ஆரம்பிச்சிடுவோம். இன்னும் சில பேர் மூஞ்சி எரியுது, உதடு மரத்துப் போச்சு, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு வருவாங்க, அது வேற குடும்பம், சைபர்மெத்ரின் மாதிரி பைரித்ராய்டு. ரெண்டும் கலந்து வர்றப்பதான் டாக்டருக்கே தலை சுத்தும், அட்ரோபின் ஒரு பக்கம் வேலை செய்யும், வலிப்பு இன்னொரு பக்கம் நிக்காது.

நாங்க முதல்ல கேக்குறது "பாட்டில் கொண்டாந்தீங்களா". ஒருத்தர் ஒரு பாட்டில் கொண்டு வருவார், மீதி மூணு கொல்லைல கிடக்கும். கேஸ் ஷீட்ல ஒரே ஒரு மருந்துப் பேர் எழுதுற அளவுக்குத்தான் இடம், அதையே எழுதுவோம். அப்புறம் இந்தப் புள்ளிவிவரத்தை வச்சு எந்த மருந்து எவ்ளோ பேரை பாதிக்குதுன்னு மேல கணக்குப் போடுவாங்க. கலவைன்னு ஒரு கட்டமே கெடையாது தம்பி.

அடிச்ச அன்னிக்கு மேல சொன்னதுல எது இருந்தாலும் சட்டையக் கழட்டிட்டு சோப்பு போட்டுக் குளிக்க வச்சு உடனே கூட்டிட்டு வாங்க. எல்லா பாட்டிலையும் எடுத்துட்டு வாங்க, காலி பாட்டிலா இருந்தாலும் பரவால்ல.


கொல்லைக்காட்டான் எழுதியது:

2017 மறந்துட்டீங்களா எல்லாரும்? மகாராஷ்டிரால யவத்மால் மாவட்டம், பருத்திக்கு மருந்து அடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்க, நூத்துக்கணக்குல ஆஸ்பத்திரில. அதே வருஷம் நம்ம பெரம்பலூர் பக்கமும் பருத்திக்கு அடிச்சவங்க இறந்த செய்தி வந்துச்சு. யவத்மால்ல அந்த வருஷம் செடி ஆள் உயரத்துக்கு மேல வளந்திருந்துச்சு, வெக்கை வேற, நாசிலைத் தூக்கிப் பிடிச்சு அடிச்சா மூஞ்சிலயே விழும், அதுலயும் கண்டதையும் கலந்து அடிச்சிருக்காங்கன்னு பேச்சு வந்துச்சு. அரசாங்கம் விசாரணைக் குழு போட்டுச்சு. அப்ப டிவில வந்தவங்க எல்லாம் "கையுறை போடல, முகமூடி போடல"ன்னு விவசாயி மேலயே பழிய போட்டாங்க. 38 டிகிரில ரப்பர் கோட்டு போட்டு ஒரு டேங்க் அடிச்சுட்டு வந்து பேசச் சொல்லுங்க சார் அவங்கள.


பிப்பெட் எழுதியது:

வரப்புநண்டு கேட்ட "ரெண்டுக்கு மேலயா"ங்கற பகுதிய இப்ப சொல்றேன், போன பதிவுல விட்டுட்டேன். எனக்கு இந்த இழைல எழுதணும்னு தோணினதே இதுக்குத்தான்.

உங்க அப்பா பாட்டில்ல இருக்கே, புரொபெனோபாஸ் கூட சைபர்மெத்ரின். சைபர்மெத்ரின் ஒடம்புக்குள்ள போனா அதை உடைச்சுத் தள்ளுறதுக்கு நம்ம கல்லீரல்ல கார்பாக்சில்எஸ்டரேஸ்னு ஒரு நொதி இருக்கு, வாசல்ல நிக்கிற துப்புரவு ஆள் மாதிரி. பாஸ் குடும்ப மருந்துங்க நரம்புல இருக்குற நொதிய மட்டும் பிடிச்சு வைக்கறதில்ல, இந்தத் துப்புரவு ஆளோட கையையும் கட்டிப் போடுது. அப்ப சைபர்மெத்ரின் வெளிய போக வழியில்லாம உள்ளயே சுத்தும். புழுவுக்கும் இதே கதைதான். சைபர்மெத்ரினுக்குப் பழகிப்போன புழு பிழைக்கிறதுக்கு ஒரு காரணம் அதுகிட்ட இந்த நொதிங்க ஜாஸ்தியா இருக்குறது. கூட ஒரு பாஸ் மருந்து போட்டா நொதி முடங்கும், புழு சாகும். அதாவது இந்தக் கலவை புழுவுக்கு நல்லா கேக்குதுன்னு எந்தக் காரணத்துக்காக விக்கிறாங்களோ, அதே காரணம் அடிக்கிறவர் ஒடம்புலயும் நடக்கும். கூடுதலா வேலை செய்யுதுங்கறது கடைக்கு விளம்பரம், எங்களுக்கு அபாயக் குறிப்பு.

இது புதுசும் இல்ல. 1957லயே மாலத்தியான்ங்கற பாஸ் மருந்து கூட இபிஎன் (EPN)ங்கற இன்னொரு பாஸ் மருந்தை விலங்குகளுக்குச் சேத்துக் குடுத்து, கூட்டல் கணக்குல வர்றதைவிட ரொம்ப மோசமா ஆகுதுன்னு கண்டுபிடிச்சாங்க, காரணம் இதே நொதி. அப்புறம் 1976, பாகிஸ்தான், மலேரியா ஒழிப்புக்கு வீடு வீடா மாலத்தியான் அடிச்ச ஆட்கள் சுமார் 7500 பேர். அதுல கிட்டத்தட்ட 2800 பேருக்கு விஷம் ஏறிச்சு, 5 பேர் செத்தாங்க. மாலத்தியான் மனுஷனுக்கு சாதுவான மருந்துன்னு பேர் வாங்கினது. ஆனா அந்தச் சரக்குல ஐசோமாலத்தியான்னு ஒரு மாசுப்பொருள் சேர்ந்திருந்துச்சு, மாலத்தியானை உடைக்கிற நொதியவே அது முடக்கிடுச்சு. யாரும் டிரம்ல கலக்கல, மருந்துக்குள்ளயே கலவை இருந்துச்சு.

ஈசி பாட்டில்ல மருந்து கரைஞ்சிருக்குற எண்ணெயையும் மறந்துடாதீங்க. சைலீன் மாதிரி கரைப்பான். லேபிள்ல மருந்தோட பேரும் சதவீதமும் பெருசா இருக்கும், மிச்சம் என்னன்னு விவரமா இருக்காது. தோல் வழியா மருந்து உள்ள போறதுக்கு வண்டி ஓட்டுறதே அதுதான். மருந்து அடிக்கிறவங்களுக்கு பெரும்பங்கு தோல் வழியாத்தான் ஏறுது.


டீக்கடைபெஞ்ச் எழுதியது:

அப்ப எதக் கலந்தாலும் மோசம்தானா? ஒண்ணை ஒண்ணு அடிச்சு கம்மியாகுறது கெடையாதா?


பிப்பெட் எழுதியது:

உண்டு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி. 60 பேருக்கு மேல செத்தாங்களே, மெத்தனால். மெத்தனால் தானா அவ்ளோ பெரிய விஷம் இல்ல, ஒடம்புல ஒரு நொதி அதைப் பிடிச்சு ஃபார்மிக் அமிலமா மாத்தும்போதுதான் கண்ணு போகும், உயிர் போகும். அதே நொதிக்கு எத்தனால்னா இன்னும் பிரியம், அது இருந்தா மெத்தனாலைத் திரும்பிப் பாக்காது. அதனாலதான் ஆஸ்பத்திரில எத்தனாலையே மருந்தா குடுக்குறது உண்டு, அந்த நொதியைத் தடுக்குற ஃபோமெபிசோல்ங்கற மருந்து கெடைச்சா அது. கலவை இங்க காப்பாத்துது. இன்னொரு மூலைல கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்). 1979ல வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, நுரையீரல் புற்றால சாகுற வாய்ப்பு. ரெண்டும் இல்லாதவனுக்கு 1ன்னு வச்சா, கல்நார்ல வேலை பாத்து பீடி சிகரெட் தொடாதவனுக்கு 5, கல்நார் இல்லாம சிகரெட் மட்டும் குடிச்சவனுக்கு 11, ரெண்டும் உள்ளவனுக்கு 53. கூட்டலும் இல்ல, கிட்டத்தட்ட பெருக்கல். எது எப்படின்னு ஜோடிக்கு ஜோடி பாத்தாத்தான் தெரியும். நூறு பொருள் இருந்தா ஜோடி மட்டும் 4950, மூணு மூணாப் போனா எண்ணவே வேணாம். அதனாலதான் தெரியாத இடத்துல கூட்டல்னு வச்சுக்கறாங்க.


மட்டுறுத்துநர் எழுதியது:

மேல உள்ள எத்தனால் பதிவைப் படிச்சிட்டு யாரும் வீட்டு வைத்தியம் ஆரம்பிக்காதீங்க. அது ரத்தத்துல அளவு பாத்து ஆஸ்பத்திரில பண்றது. டீக்கடைபெஞ்ச், நீங்க டெலீட் பண்ணின ஜோக்கை நாங்க பாத்துட்டோம்.


வன்னிப்பெடியன் எழுதியது:

நான் வவுனியா. இஞ்ச நடந்த கதையையும் கேளுங்கோ, ஏனெண்டால் கலவை எண்டு சொன்னா எல்லாத்துக்கும் விடை எண்டு நினைக்கிற ஆபத்தும் இருக்கு. வடமத்திய மாகாணத்தில, அனுராதபுரம் பொலனறுவைப் பக்கம், சீனியும் இல்லாத பிரஷரும் இல்லாத கமக்காரருக்கு சிறுநீரகம் பழுதாகுது, 1990களில இருந்து. எங்கட பக்கமும் வந்திட்டுது. ஏன் எண்டு ஆளுக்கொரு காரணம், கட்மியம், ஆர்சனிக், புளோரைட், தண்ணியின்ர கடினத்தன்மை, வெயிலில தண்ணி குடியாமல் வேலை செய்யிறது. 2014ல ஒரு குழு எழுதிச்சினம், கிளைபோசேட் எண்ட களைக்கொல்லி கடினத் தண்ணியோடயும் உலோகங்களோடயும் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகுது எண்டு. அது ஒரு கருதுகோள். 2015ல அரசாங்கம் கிளைபோசேட்டைத் தடை செய்திட்டுது, 2018ல தேயிலைக்கும் ரப்பருக்கும் திரும்ப விட்டது. நோய் நிக்கேல்ல. காரணமும் இண்டைக்கு வரைக்கும் முடிவாகேல்ல. கலவைதான் காரணம் எண்டு நிரூபிக்கிறது கஷ்டம், இல்லை எண்டு நிரூபிக்கிறது அதைவிடக் கஷ்டம். அந்த இடைவெளிக்குள்ள ஆர்.ஓ. தண்ணிக் கான் விக்கிறவன் நல்லா உழைக்கிறான்.


சந்தேகசாமி எழுதியது:

வன்னிப்பெடியன் சொன்னதைத்தான் நான் கோணலா சொல்ல வந்தேன் போல. நன்றி தம்பி.


கடலூர்_உப்புக்காத்து எழுதியது:

மருந்து டிரம்ல என்ன இருக்குன்னாவது உங்களுக்குத் தெரியுது. நாங்க சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்து ஊரு. ராத்திரி ஒரு மணிக்கு அழுகின முட்டை நாத்தம், நாலு மணிக்கு நெயில் பாலிஷ், விடியக்காலைல ஏதோ மருந்து நெடி. 2004 வாக்குல எங்க ஊர்க்காரங்களே பக்கெட்ல காத்துப் பிடிச்சாங்க. சாதாரண மூடி போட்ட பிளாஸ்டிக் பக்கெட்தான், உள்ள ஒரு பை, ஒரு சின்ன பம்ப் வச்சு பக்கெட்ல இருக்குற காத்தை உறிஞ்சினா வெளிக் காத்து பைக்குள்ள போய் ரொம்பும், அதை மூடி லேபுக்கு அனுப்புறது. ஒரு லிஸ்ட்டே வந்துச்சு, புற்றுநோய் வரவைக்கிறதும் அதுல சேத்தி. ஆனா அப்ப நம்ம நாட்டு காத்துத் தரப்பட்டியல்ல அதுல பாதிக்கு எல்லையே கெடையாது. 2009லதான் பட்டியல் 12 பொருளா ஆச்சு, பென்சீனே அப்பதான் உள்ள வந்துச்சு. பிப்பெட் சார் சொல்ற வகுத்தல் கணக்குல வகுக்குறதுக்குக் கீழ எண்ணே இல்லன்னா என்ன பண்றது?


பிப்பெட் எழுதியது:

எல்லை இல்லாத பொருளை நிறைய அறிக்கைல அப்படியே விட்டுடுவாங்க, விட்டா கூட்டல்ல அது பூஜ்யமா நிக்கும். எண் இல்லங்கறதும் ஆபத்து இல்லங்கறதும் ஒண்ணாயிடும். நான் பாத்த அறிக்கைங்கள்ல எனக்குப் பிடிக்காத பக்கம் அதுதான், வழக்கமா அடிக்குறிப்புல இருக்கும்.

உருப்படியா நடந்த ஒண்ணும் சொல்லிடுறேன். அமெரிக்கால 1996ல ஒரு சட்டம் போட்டாங்க, ஒரே மாதிரி வேலை செய்ற பூச்சிமருந்துங்களை ஒரே கும்பலா சேத்துத்தான் மதிப்பிடணும்னு. பாஸ் குடும்பத்தை மொத்தமா எடுத்து, மெத்தமிடோபாஸை அளவுகோலா வச்சு, மத்ததெல்லாம் அதுல எத்தனை பங்கு விஷம்னு மாத்தி, சாப்பாடு தண்ணி வீடு மூணு வழிலயும் கூட்டி 2006ல முடிச்சாங்க. நடுவுல சில மருந்துங்களோட வீட்டு உபயோகமே நின்னுபோச்சு. செய்ய முடியாத கணக்கு இல்ல.


உரக்கடை_மாப்ள எழுதியது:

நம்ம தமிழ்நாட்டுல தற்கொலை ஜாஸ்தின்னு ஆறு மருந்தை 60 நாள் நிறுத்தி வச்சாங்களே, 2023 வாக்குல. அந்த ஆறுல ரெண்டு ரெடிமேட் கலவைதான், இந்த 40 பிளஸ் 4ம் அதுல ஒண்ணு. 60 நாள் முடிஞ்சதும் ஷெல்ஃபுக்கு வந்துடுச்சு. கேட்டா குடுக்காம இருக்க முடியாது, அடுத்த கடைக்குப் போவாங்க. ஆனா இந்த இழை படிச்சப்புறம் ஒண்ணு செய்றேன், பாஸ் மருந்து வாங்குறவர்கிட்ட பைரித்ராய்டு பாட்டிலைத் தனியா கேட்டாலும் ஒரே டேங்க்ல ஊத்தாதீங்கன்னு சொல்றேன். நாலு பேர் திட்டிட்டுப் போனாங்க.


வரப்புநண்டு எழுதியது:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கோங்க. அப்பாவை பிடிச்சு இழுத்துட்டுப் போய் ரத்தத்துல கோலினெஸ்டரேஸ் (பாஸ் மருந்து முடக்குற அந்த நொதி) எவ்ளோ இருக்குன்னு டெஸ்ட் எடுத்தோம். மொத ரெண்டு லேப்ல அப்படின்னா என்னன்னு கேட்டாங்க, மூணாவது லேப்ல திருச்சிக்கு அனுப்பி நாலு நாள் கழிச்சு ரிசல்ட். நார்மலோட அடி விளிம்புல இருக்கு. டாக்டர் "நார்மல்"னுட்டாரு. அப்பா என்னைப் பாத்த பார்வை இருக்கே, ஏன்டா காசக் கரியாக்குனேன்னு.

சண்டை போட்டு முடிவா வந்தது இதுதான். டானிக்கை நிறுத்திட்டாரு (அது எதுக்குன்னு அவருக்கே தெரியல). பவுடரை தனி நாள் அடிக்கிறாரு. கலக்குறதுக்கு நீளமான கம்பு ஒண்ணு வாங்கிக் கட்டிப் போட்டிருக்கேன், கைய விடக்கூடாதுன்னு அம்மா காவல். அந்த 40 பிளஸ் 4ஐ மட்டும் விட மாட்டேங்குறாரு, அது இல்லாம புழு சாகாதுங்குறாரு.


நைட்ட்யூட்டி_அக்கா எழுதியது:

தம்பி அந்த ரிசல்ட்டை நார்மல்னு தூக்கிப் போட்றாதீங்க. இது ஆளுக்கு ஆள் ரொம்ப மாறும். அவரோட சொந்த அளவு மேல் விளிம்புல இருந்து இப்ப அடி விளிம்புக்கு வந்திருந்தா பாதி போயிருக்குன்னு அர்த்தம், பிறவிலயே அடி விளிம்புன்னா ஒண்ணுமே இல்ல. முன்னாடி எடுத்தது இருந்தாத்தான் சொல்ல முடியும். சீசன் முடிஞ்சு மருந்து பக்கமே போகாம ரெண்டு மாசம் இருந்தப்புறம் ஒண்ணு எடுத்து வைங்க, அதே லேப்ல. அடுத்த வருஷம் அதை வச்சுப் பாக்கலாம். அது வரைக்கும் எல்லா லேபிளையும் போட்டோ எடுத்து உங்க போன்லயும் அம்மா போன்லயும் வைங்க.


வரப்புநண்டு எழுதியது:

வச்சாச்சுக்கா. இன்னொண்ணு கேக்கணும். எங்க கொல்லைல பாதி நாள் அடிக்கிறது அப்பா இல்ல, கூலிக்கு வர்ற ஒரு அண்ணன். டேங்க் கணக்குல காசு. திங்கள் எங்க கொல்லை, செவ்வாய் மேலத்தெரு, புதன் அடுத்த ஊரு, ஆறு நாளும் வேற வேற டிரம், உள்ள என்ன ஊத்தினாங்கன்னு அவருக்கே தெரியாது, கலக்கி வச்சதை தூக்கிட்டுப் போவாரு. அவருக்குக் கணக்கு எப்படிப் போடுறது பிப்பெட் சார்?


பிப்பெட் எழுதியது:

ஒரு டிரம்முக்குப் போடுற கணக்கே அவருக்குப் பத்தாது. பாஸ் மருந்து முடக்கின நொதி ரத்தச் சிவப்பணுல திரும்பி வர்றது தோராயமா ஒரு நாளைக்கு 1 சதவீதம்தான், புது அணு உருவாகி வரணும். திங்கள் விழுந்த அடி ஞாயிறுக்குள்ள ஆறாது, அதுக்குள்ள அடுத்த திங்கள் வந்துடும். ஒவ்வொரு கொல்லைக்காரரும் தன் டிரம்மை மட்டும் பாத்தா எல்லாருமே எல்லைக்குள்ளதான் இருப்பாங்க. ஆறையும் சேத்து வாங்கிக்கிறது அவர் ஒருத்தர்.


நைட்ட்யூட்டி_அக்கா எழுதியது:

அவரையும் கூட்டிட்டு வாங்க. ரத்தம் எடுக்குற அன்னிக்குக் கூலி போயிடும்னு வர மாட்டார், அதை நீங்க குடுத்துடுங்க. யார் யார் கொல்லைல என்னென்ன அடிச்சாருன்னு ஒரு வாரத்துக்கு மட்டும் லேபிள் போட்டோ எடுக்கச் சொல்லுங்க, பட்டன் போன்னா காலிப் பாட்டில் மூடிய ஒரு பைல போட்டுக் கொண்டாரட்டும். மூடியப் பாத்தே பாதி சொல்லிடுவேன்.